அண்ணன் அழித்த வரி

அண்ணன் கைப்பேசியை நீட்டும் விதமே தனி. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் அடியோரத்தைப் பிடித்து, முழங்கையை மடக்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார். பல வருடங்கள் பேருந்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அது. கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் கண்கள் அடுத்த ஆளிடம் போய்விடும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்ட பிறகு அவர் எழுதிக் காட்டிய முதல் வாக்கியத்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நான் அப்படித்தான் வாங்கிப் படித்தேன். 'இன்னா எல்லாரும் எழவு ஊட்ல நிக்கற மாரி நிக்கறீங்க, டீ குட்ச்சீங்களா?' என்று இருந்தது. அண்ணி சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் படித்தானதும் அண்ணன் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. வெறும் திரை வந்ததும் அடுத்த பேச்சை எழுத ஆரம்பித்தார்.

அண்ணன் பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வண்டியில் நடத்துநராக இருந்தவர். அந்தச் சாலையில் அவர் குரலை அறியாதவர்கள் குறைவு. கரையான்சாவடியில் ஏறும் கூட்டத்தை அவர் கையால் தள்ளியதில்லை. 'படியில நிக்கற மகராசா, உள்ள இவ்ளோ எடம் கீது, உன் கண்ணுக்கு மட்டும் தெர்லியா?' என்று ஒரு சத்தம் போட்டால் வண்டியே சிரித்துக்கொண்டு உள்ளே நகரும். வீட்டிலும் அப்படித்தான். பாரிவாக்கத்தில் அவர் கட்டிய சின்ன வீட்டுக்குத் தெருமுனையில் திரும்பும்போதே அவர் பேசுவது கேட்கும். யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருப்பார். கோபம் வந்தால் காது கொண்டு கேட்க முடியாத வார்த்தைகள் வரும். கால் மணி நேரத்தில் அவரே மறந்துபோய், திட்டு வாங்கினவரையே சாப்பிடக் கூப்பிடுவார். நாங்களும் மறந்துவிடுவோம். அவர் பேச்சு அப்படி வந்து அப்படிப் போகிற பேச்சு. அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டவர்கள் இல்லை.

அறுவைக்குப் பிறகு மூச்சு கழுத்திலிருந்த துளை வழியாகப் போய்வந்தது. பேச்சு மட்டுமல்ல, விசில்கூட ஊத முடியாது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவர் கொடுத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்த குரலைக் கேட்டு அண்ணன் முகம் சுருங்கிப்போனது. 'எவனோ என் கய்த்துல உக்காந்துகினு பேசறான், எனுக்கு வோணாம்' என்று எழுதிக் காட்டி, அந்தக் கருவியை அதன் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். ஆக, கைப்பேசிதான் அவருக்கு வாய் ஆனது. பேசும் வேகத்துக்கு இல்லாவிட்டாலும், ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் எண்ணிய விரல்கள் அல்லவா, மளமளவென்று தமிழில் தட்டப் பழகிக்கொண்டன. எழுதுவார், நீட்டுவார், அழிப்பார்.

அந்த அழிப்புதான் என்னை உறுத்தியது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வரைபடத்தில் ஒரு துளையின் அளவு மாறினால்கூடப் பழைய வரைபடத்தைத் தூக்கி எறிய மாட்டோம். எண் போட்டு, தேதி போட்டு, தனி இடத்தில் வைப்போம். எங்கே எது இருக்கிறது என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவளின் கண்முன்னே, சொந்த அண்ணனின் பேச்சு முழுவதும் எழுத்தாக வந்து எழுத்தாகவே அழிந்துகொண்டிருந்தது. மருத்துவர் கேட்டதற்குச் சொன்ன பதிலும் போயிற்று, வலி எங்கே என்று எழுதியதும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து போயிருந்தபோது அண்ணனிடம் சொன்னேன்: “இதுக்குன்னே நல்ல சாஃப்ட்வேர்லாம் இருக்குண்ணா. எழுதறது எல்லாம் தானா சேர்ந்துக்கும். தேதி போட்டு, தலைப்பு போட்டு அடுக்கிடலாம். எப்ப வேணும்னாலும் தேடி எடுக்கலாம்.” அவர் எழுதி நீட்டினார்: 'இன்னாவோ ஒண்ணு சீக்கிரம் குடு. பேசாம கீறது பேஜாரா கீது.'

சீக்கிரம் கொடுக்கவில்லை. அந்தத் தேடல் எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாரக் கணக்கில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். ஒன்று அழகாக இருந்தது, ஆனால் அண்ணனின் பழைய கைப்பேசியில் திறப்பதற்குள் பேச வந்ததே மறந்துவிடும். ஒன்று எல்லாவற்றையும் ஏதோ ஒரு தேசத்திலிருக்கும் கணினியில் கொண்டுபோய் வைத்தது. நிறுவனம் மூடிக்கொண்டு போனால் எல்லாம் போகும். இன்னொன்று, குறிப்புகளுக்கிடையே கோடு இழுத்துச் சிலந்தி வலை மாதிரி படம் காட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை போயிற்று. பலவற்றில் தமிழில் தேடுவதே சிக்கல். 'மருந்து' என்று தேடினால் 'மருந்த' என்று அண்ணன் எழுதியது அகப்படாது. வித்தியாசங்களை எல்லாம் ஒரு விரிதாளில் எழுதி மதிப்பெண் போட்டேன். இடையில் அண்ணன் வழக்கம்போல எழுதி, காட்டி, அழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பு ஒவ்வொன்றும் தேதி நேரத்தோடு தனிக்கோப்பாகச் சேரும். ஒரு பிரதி என் மடிக்கணினிக்கு வரும். குறிப்பிட்ட சொற்களைச் சொல்லிவைத்தால் அவை வரும் குறிப்புகளைத் தானாகவே ஒரே கட்டாகச் சேர்க்கும். மருந்து, ஆஸ்பத்திரி, வேலை, வீடு என்று கட்டுகள் வைத்தேன். அண்ணன் மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரிலும் ஒரு கட்டு. எழுதிவிட்டு மணி அடையாளத்தைத் தொட்டால் அண்ணியின் கைப்பேசி ஒலிக்கும். படுக்கையறையிலிருந்து அவர் 'காப்பில சக்கர இல்ல' என்று எழுதினால் சமையலறையில் கேட்கும். அண்ணிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். “கத்தாமலே கத்தறாரு பாரு” என்பாள். கூட வண்டி ஓட்டிய டிரைவர் பாய் பூந்தமல்லியிலிருந்து வாராவாரம் பார்க்க வருவார். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் பழைய வண்டிக் கதைகளைப் பேசுவார்கள். ஒருவர் வாயால், ஒருவர் விரலால். “முன்னாடி நீ பேசனா காது வலிக்கும் மாமே, இப்போ பட்ச்சிப் பட்ச்சிக் கண்ணு வலிக்குது” என்று பாய் சொல்ல, சத்தமில்லாமல் அண்ணன் தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்தபோது, நல்ல காரியம் செய்தோம் என்று மனம் நிறைந்தது. நல்ல காரியம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அண்ணனால் அழிக்கும் பழக்கத்தை விட முடியவில்லை. புதிய சாஃப்ட்வேரிலும் எழுதுவார், காட்டுவார், அழிப்பார். ஆனால் இதில் அழித்தது உண்மையில் அழியாது. ஒரு குப்பைக்கூடைக்குள் போய் உட்காரும். அந்தக் கூடை தானாகக் காலியாகாதபடி நான்தான் அமைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் திறந்தால் கூடை நிறைய அவர் பேச்சு கிடக்கும். 'அனைத்தையும் தேர்ந்தெடு', 'மீட்டெடு'. இரண்டு தட்டல்கள். அத்தனையும் அதனதன் கட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க நேரமும் இல்லை, அவசியமும் தோன்றவில்லை. “எதுவும் தொலையாதுண்ணா” என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மருந்துச் சீட்டு மாதிரி ஏதோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருப்பார். ஞாயிறுதோறும் அவர் தூக்கிப் போட்டதை எல்லாம் நான் பொறுக்கி எடுத்து அடுக்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் விளக்கமாகச் சொன்னதில்லை.

பாப்பா படித்து முடித்துவிட்டு இங்கேயே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்தது. வேலை உறுதியாகும்வரை வீட்டில் சொல்லவில்லை. சொன்ன நாளுக்குக் கொஞ்சம் முன்புதான், கழுத்தில் மறுபடியும் ஒரு வீக்கம் தெரிகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மழைக்கால மாலை அது. நானும் அங்கே இருந்தேன். பாப்பா நின்றுகொண்டே சொன்னாள்: “இப்ப விட்டா மறுபடி கிடைக்காதுப்பா. மாசா மாசம் வந்துடுவேன்.” அண்ணன் வேகவேகமாகத் தட்ட ஆரம்பித்தார். கோபத்தில் விரல்கள் தப்பான எழுத்துகளில் போய் விழுந்தன; அழித்து அழித்து எழுதினார். வாயால் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இருவரும் அழுது, அத்தோடு முடிந்திருக்கும். எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நிற்கிறாளே, அந்தப் பொறுமையே அவருக்குத் திமிராகத் தெரிந்திருக்க வேண்டும். நீட்டியதைப் படித்துவிட்டு, “நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் புரியாது” என்று பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அண்ணன் இன்னொன்று எழுதி என்னிடம் நீட்டினார். பாப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. ஒரு தகப்பன் மகளைப் பற்றிச் சொல்லக்கூடாத வரி. அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. நான் படித்துவிட்டு, “என்னண்ணா இது?” என்றேன். அவர் கைப்பேசியை வெடுக்கென்று பிடுங்கி அழித்தார். அழித்துவிட்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'மழ வர மாரி கீது. கொட எட்துகினு போனாளா?' நான் அண்ணியிடம் சொன்னேன், அண்ணி பாப்பாவுக்குப் போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வழக்கம்போல மடிக்கணினியைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மீட்டெடுத்தேன்.

பாப்பா பெங்களூர் போய், தீபாவளிக்கு வந்தாள். கோபமெல்லாம் ஆறியிருந்தது. அண்ணனுக்கு ஒரு சட்டை, அண்ணிக்குப் புடவை, எனக்கு ஒரு கைப்பை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளும் கணினியில் வேலை பார்ப்பவள். நான் செய்து வைத்திருப்பதை அவளிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மடிக்கணினியைத் திறந்து, கட்டுகளைக் காட்டினேன். “சூப்பர் அத்தை. ஆபீஸ்ல நாங்களே இப்படி வச்சிக்கறதில்ல” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “உன் பேரை அடிச்சிப் பாரேன்” என்று நான்தான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அடித்தாள். வரிசையாக வந்தன. சிரித்துக்கொண்டே மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனாள். பிறகு சிரிப்பு நின்றது. விரல் நின்றது. மடிக்கணினியை மெதுவாக, ஒரு சத்தமும் வராமல் மூடினாள். அண்ணி “இன்னாடி?” என்றாள். பாப்பா அப்பாவைப் பார்த்து, “நீங்க இப்படிச் சொன்னீங்களாப்பா?” என்று கேட்டாள். எது என்று அவருக்குப் புரியவில்லை. அவளே மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அண்ணன் படித்தார். கழுத்துத் துளையில் மூச்சு விசுக் விசுக்கென்று போய்வரும் சத்தம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. கைப்பேசியை எடுத்து எழுதினார்: 'நான் அத்த அழிச்சிட்டேன்.'

“அழிச்சிருந்தா எப்படிப்பா இங்க இருக்கும்?” என்றாள் பாப்பா. “வச்சிருக்கீங்க. தேதியோட வச்சிருக்கீங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவருக்குப் புரியாத பொருளைப் பற்றிப் புரிந்தவள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பார்வை. நான் சொல்லியிருக்க வேண்டியது மிகவும் சின்னது. அவர் எழுதின உடனே அழித்தார், நான்தான் குப்பையிலிருந்து எடுத்து வைத்தேன், அழித்த கையோடு நீ குடை எடுத்துக்கொண்டு போனாயா என்று கேட்டார். நான் சாட்சி. ஆனால் ஞாயிறுதோறும் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் குப்பையைக் கிளறுகிறேன் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வாய் வரவில்லை. சற்று முன்புதான் அவள் என்னைப் புகழ்ந்திருந்தாள். “சாஃப்ட்வேர்ல ஏதோ குழப்பம் ஆயிருக்கும் போல” என்றேன். அதோடு நிறுத்தினேனா? “அண்ணா சரியா அழுத்தலையோ என்னவோ” என்றும் சொன்னேன்.

அண்ணன் தன் வலது கைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் காட்சி என்னை விட்டுப் போக மறுக்கிறது. தான் அழித்தோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதன்பிறகு அவர் கைப்பேசியில் எழுதுவதை நிறுத்திவிட்டார். சில நாள் எதிலும் எழுதவில்லை. தலையாட்டுவது, கை காட்டுவது, அவ்வளவுதான். டிரைவர் பாய்தான் கரையான்சாவடியில் ஒரு ஃபேன்சி கடையில் பிள்ளைகள் எழுதி விளையாடும் மின்பலகை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். கறுப்புப் பலகை; குச்சியால் எழுதினால் பச்சை நிறத்தில் தெரியும்; மேலேயிருக்கும் பொத்தானை அழுத்தினால் மொத்தமும் ஒரு நொடியில் போய்விடும். “இதுல எவன் வந்தாலும் ஒண்ணும் தோண்டி எட்க்க முடியாது மாமே, நீ பாட்டுக்குப் பேசு” என்றார் பாய். அவர் வேறு அர்த்தம் வைத்துச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் என் முன்னால் பலகையில் எழுதும்போது, நான் படித்ததும் பொத்தானை அழுத்துவார்; அழுத்திவிட்டு, போய்விட்டதா என்று பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார். முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பாப்பா சொன்னபடி மாதாமாதம் வந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள், கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் விடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அவர் எழுதி நீட்டினால் படிப்பதில்லை. அவர் குச்சியை எடுக்கும்போதே “சரிப்பா, சரிப்பா” என்பாள். பலகை அவள் பக்கம் திரும்பும். அவள் கண் அவர் முகத்திலோ, மருந்துப் புட்டியிலோ இருக்கும். தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவாள். எழுத்தில் மறுபடியும் எதையாவது பார்த்துவிடுவோமோ என்ற பயமாக இருந்திருக்கலாம். அண்ணன் சிறிது நேரம் பலகையை நீட்டியபடியே வைத்திருப்பார். பிறகு தானே பொத்தானை அழுத்திவிடுவார். அண்ணி ஒருமுறை என்னிடம், “அவ காதப் பொத்திக்கினா மாரி கீது” என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த முறை அவள் வரும்போது சொல்லிவிடலாம் என்றே நாட்களை ஓட்டினேன். நோய் முற்றிக்கொண்டு வந்தது. சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வரும் என நான் நினைத்திருந்தேன். அடுத்த கோடை முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

எல்லாக் காரியமும் முடிந்து, வருடமும் திரும்பிய பிறகு, பாப்பா ஒருநாள் சேக்காட்டுக்கு என் வீடு தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டாள்: “அத்தை, அப்பா குரல் எதுலயுமே இல்ல. அவர் பேசற காலத்துல யாரும் வீடியோ எடுத்து வைக்கல. நீங்க அடுக்கி வச்சிருந்தீங்களே, அதை எனக்குக் குடுக்கறீங்களா? அந்த ஒரு வரி இருந்தாலும் பரவாயில்ல. எனக்கு அப்பா பேசறதைக் கேக்கணும்.” அவள் 'கேக்கணும்' என்றுதான் சொன்னாள்.

தருகிறேன் என்றேன். பிறகு என்ன செய்தேன்? மறுபடியும் சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தேன். அவளுக்குப் பார்க்க வசதியாக, படங்களோடு, புத்தகம் புரட்டுவது மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். ஒன்றை இறக்கி, அது சரியில்லை என்று இன்னொன்றை இறக்கி, பழைய விரிதாளைத் திறந்து மறுபடியும் மதிப்பெண் போட்டேன். மாதங்கள் போயின. அவள் கேட்டுப் போன் செய்தபோதெல்லாம், “நல்லதா ஒண்ணு பாத்துக்கினு இருக்கேன்” என்றேன். ஒரு விடுமுறை நாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. எந்த சாஃப்ட்வேரும் நான் சொல்லாததை எனக்குப் பதிலாகச் சொல்லப்போவதில்லை. இறக்கியவற்றை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மூலக் கோப்புகளைத் திறந்தேன். கட்டுகளைப் பிரித்துப் போட்டேன். தலைப்பு வேண்டாம், சொல் வேண்டாம். எழுதிய நேரப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும் என்று விட்டேன். அழித்தவற்றின் பக்கத்தில், கட்டுகளில் காட்டாத அழித்த நேரம் இருந்தது. அதையும் மறைக்காமல் வைத்தேன்.

அப்படி வைத்துப் படித்தபோதுதான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. பாப்பா என்ற கட்டுக்குள் இருந்தவை பெரும்பாலும் புகார்கள். பாப்பா இன்னும் போன் பண்ணவில்லை, பாப்பா செலவு அதிகம் செய்கிறாள், பாப்பாவுக்குப் பொறுப்பு இல்லை. பெயர் சொல்லி அவர் எழுதியது குற்றம் சொல்லும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவள் பெயரே வேண்டியிருக்கவில்லை. 'சாப்டாளா?' 'வந்துட்டாளா?' 'தூங்கறாளா, அப்டின்னா டிவிய கொற.' 'இன்னாத்துக்கு அய்வறா?' நாள் தவறாமல், பக்கம் பக்கமாக. அந்த வீட்டில் யாரைக் கேட்கிறார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வினையின் கடைசி எழுத்திலேயே அவள் இருந்தாள். நான் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர் பெயரைத்தான் தேடும். எனவே அவர் அவளை நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, கோபித்துக்கொண்டதை மட்டும் கவனமாகப் பொறுக்கி, அவள் பெயரைப் போட்டு, ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தது. அதைத்தான் நான் தீபாவளியன்று அவள் கையில் கொடுத்தேன்.

அவளை வரச் சொன்னேன். கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துவிட்டு, திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கூடையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி, அண்ணன் அழித்ததைப் பற்றி, நான் மாற்றிச் சொன்னதைப் பற்றி. நான் முடித்ததும் கேட்டாள்:

“அப்பா அழிச்சாருன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறமும் நான் மாசா மாசம் வந்தேன். நீங்களும் இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“அவர் சொன்னது சொன்னதுதான் அத்தை. அதை நான் தாங்கிக்குவேன். ஆனா அழிச்சிட்டேன்னு அவர் சொன்னப்ப நான் அவரைப் பொய்யர்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு படிக்க ஆரம்பித்தாள். முதல் குறிப்பிலிருந்து, வரிசையாக. நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். டிரைவர் பாயோடு பேசிய இடங்களில் அவள் சத்தமாகச் சிரித்தது கேட்டது. அந்த மழை நாள் வந்தபோது சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் அந்த வரியும், அழித்த நேரமும், அதன் கீழே குடை கேள்வியும் இருந்தன. அவள் அங்கே வெகு நேரம் இருந்தாள். மேற்கொண்டு படிக்கும்போது, “எல்லாத்துலயும் 'ளா'ன்னு கேட்டுட்டே இருந்திருக்காரு” என்று தனக்குள்ளே சொல்வதுபோலச் சொன்னாள். வெளியே ஆவடி ரயில் போகும் சத்தம் கேட்டது. நான் விளக்கைப் போட்டேன்.

கடைசிக் குறிப்பு தீபாவளியன்று எழுதியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாப்பா கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். திரை நகரவில்லை.

“இதுக்கப்புறம் பலகையிலதானே எழுதினாரு?” என்றாள்.

“ஆமாம்மா. அது எதுலயும் சேராது.”

தலையாட்டினாள். மடிக்கணினியை மூடவில்லை. என்னைப் பார்க்காமல், அந்தத் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“எனக்கு எழுதிக் காட்டுவாரே அத்தை, ஆஸ்பத்திரியில, வீட்டுல. நான் படிக்காம சரிப்பா சரிப்பான்னு சொல்வேனே. அதெல்லாம் என்ன எழுதினாரு?”

நான் அப்போதெல்லாம் பக்கத்தில்தான் இருந்தேன். கட்டிலின் இந்தப் பக்கம், அவர் கால்மாட்டில், சில சமயம் அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுகூட. ஆனால் எழுதும்போது பலகையை நெஞ்சோடு சாய்த்துக்கொள்வார்; எழுதியதும் அது அவள் பக்கம்தான் திரும்பும்.

தெரியாது என்றேன்.